ஆறாம் வகுப்புக்குப் பிறகு எங்கே?
– தோட்டப் பிள்ளைகளின் படிப்பு வந்த வழி –



பரிசளிப்பு விழா மலரில் சரித்திரக் கட்டுரை எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் இந்த விழா முடிந்ததும் பெற்றோர்கள் ஆசிரியர்களிடம் வந்து கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சார், அடுத்து இவன எங்க போடறது?" ஐந்தாம் படிவம் முடித்த அண்ணன், அக்காமார்களின் வீட்டிலும் இதே கேள்விதான். "எஸ்.பி.எம். எழுதிட்டா. இனிமே என்னா?"

இந்தக் கேள்விக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. நம் பாட்டன், பூட்டன் காலத்தில் இதைக் கேட்கவே வழியில்லாமல் இருந்தது. அப்புறம் கேட்கலாம் என்றாயிற்று; பதில் சொல்லத்தான் ஆள் இல்லை. இன்று பதில்கள் ஏராளம். ஆனால் அவை நம் லயத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள் மனு செய்யும் தேதி முடிந்துவிடுகிறது. இப்படி ஏன் ஆனது என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போமே.

கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும்

இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கில் தொடங்கியது. பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் அந்த ஆண்டு ஒரு தமிழ் வகுப்பு ஆரம்பமானது. அது பட்டணத்துக் கதை. தோட்டத்துக் கதை வேறு. காப்பி, கரும்பு, பிறகு ரப்பர் என்று காடுகளை அழித்துத் தோட்டங்கள் எழுந்தபோது, கப்பலேறி வந்த நம்மவர்கள் குடும்பத்தோடு தங்கத் தொடங்கினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள். 1912-ஆம் ஆண்டிலும் பிறகு 1923-ஆம் ஆண்டிலும் வந்த தொழிலாளர் சட்டங்கள், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றன. பள்ளி வயது என்பது ஏழு முதல் பதினான்கு வரை.

துரைமார்கள் பள்ளி கட்டியது பிள்ளைகள் மேல் கொண்ட பாசத்தால் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்திலேயே தங்கும். குடும்பம் தங்கினால் ஆள் ஓட மாட்டான். தாயும் தகப்பனும் வெட்டுக் காட்டில் இருக்கும் நேரத்தில் பிள்ளைகளை ஓரிடத்தில் உட்கார வைக்கவும் ஒரு கொட்டகை வேண்டியிருந்தது. அந்தக் கொட்டகைக்குப் பள்ளிக்கூடம் என்று பெயர். பாடம் சொல்லிக் கொடுத்தவர் சில இடங்களில் கிராணி, சில இடங்களில் கங்காணி, சில இடங்களில் ஆஸ்பத்திரி டிரெசர். பாடப் புத்தகங்கள் சென்னையிலிருந்து வந்தன. தமிழ்நாட்டு ஆறுகளின் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளைக்குத் தன் தோட்டத்தைச் சுற்றி ஓடும் ஆறு எங்கே போய்க் கடலில் சேருகிறது என்று தெரியாது.

அவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. சம்பளம் இல்லாமலும் அரைச் சம்பளத்துக்கும் அந்தக் கொட்டகையில் எழுத்தறிவித்தவர்கள் இல்லை என்றால் இந்த மலரைப் படிக்க இன்று ஆள் இருக்காது. ஆனால் அந்தப் பள்ளியின் நோக்கம் சின்னது. கையெழுத்துப் போட வேண்டும், செக் ரோலில் தன் பெயரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஊருக்குக் கடிதம் எழுத வேண்டும். அவ்வளவுதான். நான்காம் வகுப்போடு நின்ற பள்ளிகள் பல. சில பள்ளிகளில் ஏழாம் வகுப்பு வரை இருந்தது. அதில் தேறியவர்களுக்கு ஒரே ஒரு வேலை காத்திருந்தது. தமிழ்ப்பள்ளி வாத்தியார் வேலை.

அதற்கு மேல் தமிழில் படிக்க உயர்நிலைப் பள்ளி இல்லை. சீனர்கள் தங்கள் வியாபாரிகளின் பணத்தைச் சேர்த்துத் தங்கள் மொழியிலேயே உயர்நிலைப் பள்ளிகள் கட்டிக்கொண்டார்கள். நம்மிடம் அந்தப் பணமும் இல்லை, பட்டணத்தில் கூட்டமும் இல்லை. ஆங்கிலப் பள்ளி டவுனில் இருந்தது. அதற்குக் கட்டணம், பஸ் செலவு, சட்டை சப்பாத்து. அதனால் கிராணி வீட்டுப் பிள்ளையும் டிரெசர் வீட்டுப் பிள்ளையும் ஆங்கிலப் பள்ளிக்குப் போனார்கள். லயத்துப் பிள்ளை ஒட்டுப்பால் பொறுக்கப் போனது. ஒரே தோட்டத்தில், ஒரே தமிழ் பேசிய வீடுகளுக்குள் இரண்டு வழிகள் இப்படித்தான் பிரிந்தன. இந்தப் பிரிவு அறிவில் ஏற்பட்டதல்ல, வரும்படியில் ஏற்பட்டது. இதை நம் பிள்ளைகளிடம் அடிக்கடி சொல்ல வேண்டும்.

வடிகட்டிய காலம்

சுதந்திரம் நெருங்கிய நேரத்தில் கல்வியைப் பற்றிப் பல அறிக்கைகள் வந்தன. 1951-ஆம் ஆண்டு பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாயும் ஆங்கிலமும் கற்பிக்கும் தேசியப் பள்ளிகள் போதும் என்றது. நம்மவர்களும் சீனர்களும் எதிர்த்தார்கள். 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிக்கும் சீனப்பள்ளிக்கும் நாட்டின் கல்வி அமைப்புக்குள் இடம் கொடுத்தது. பாடத்திட்டம் எல்லாருக்கும் பொது. 1957-இல் நாடு சுதந்திரம் அடைந்தபோது நம்மிடம் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. (இப்போது 520-க்கு மேல் இருக்கின்றன. தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டதும், சின்னப் பள்ளிகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டதும், தோட்டத்து மக்கள் பட்டணம் போனதும் அதற்குக் காரணங்கள். அது வேறொரு மலருக்கு வேண்டிய விஷயம்.)

1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு தொடக்கப்பள்ளி தமிழில், இடைநிலைப்பள்ளி மலாய் அல்லது ஆங்கிலத்தில் என்பது உறுதியாகிவிட்டது. 1962 முதல் தொடக்கப்பள்ளிக்குக் கட்டணம் இல்லை. இது பெரிய உதவி. ஆனால் ஆறாம் வகுப்பின் முடிவில் ஒரு தேர்வு நின்றது. இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு. அதில் தேறினால் உள்ளே, தேறாவிட்டால் வெளியே. பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளையின் தலையெழுத்து ஒரே காலைப் பொழுதில் எழுதப்பட்டது. பெரும்பாலான பிள்ளைகள் வெளியேதான் நின்றார்கள்.

1965-இல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டது. ஆறாம் வகுப்பு முடித்த எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை படிக்கலாம் என்று அரசாங்கம் கதவைத் திறந்தது. தோட்டத்துச் சரித்திரத்தில் இது எவ்வளவு பெரிய நாள் என்பதை நாம் சரியாகக் கொண்டாடவில்லை என்றே நான் நினைக்கிறேன். சங்கத் தலைவர்களின் பிறந்த நாளுக்கு மாலை போடுகிறோம். இந்த ஆண்டை எத்தனை பேருக்குத் தெரியும்?

கதவு திறந்தது. ஆனால் வாசற்படி உயரம். தமிழ்ப்பள்ளியிலிருந்து போன பிள்ளை நேராக முதலாம் படிவத்துக்குப் போக முடியாது. புகுமுக வகுப்பு என்ற ஒரு வருடம் இருந்தது. நம்மவர்கள் வாயில் அது "ரிமூவ் கிளாஸ்". மொழியைச் சரிக்கட்டுவதற்காக வைத்த வகுப்பு அது. ஆனால் வயதுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டில் ஆறாம் வகுப்பு. பதிமூன்றில் ரிமூவ். பதினான்கில் முதலாம் படிவம். 1966-இல் வந்த சிறுவர் தொழில் சட்டம் 14 வயதுக்குக் கீழே உள்ளவர்களை வேலைக்கு வைப்பதைக் கட்டுப்படுத்தியது. அதாவது, முதலாம் படிவத்தில் உட்கார வேண்டிய வயதில் காட்டு வேலைக்கும் வயது வந்துவிட்டது. வீட்டில் நாலு வயிறு. "படிச்சது போதும், நாளைக்குப் பெரட்டுக்கு வந்து நில்லு" என்று அப்பா சொன்னால் அது கொடுமையால் சொன்னதல்ல. கணக்குப் பார்த்துச் சொன்னது.

வகுப்பில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஆறு வருடம் தமிழில் கணக்கும் அறிவியலும் படித்த பிள்ளை திடீரென்று வேறு மொழியில் கேட்டது. போதாததற்கு அந்த மொழியும் அதே காலத்தில் மாறிக்கொண்டிருந்தது. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கி, ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1976-இல் முதலாம் படிவம் மாறியது. அண்ணன் ஆங்கிலத்தில் எழுதிய பரீட்சையைத் தம்பி மலாயில் எழுதினான். அண்ணனின் பழைய புத்தகம்கூடத் தம்பிக்கு உதவவில்லை. அந்தத் தலைமுறை பட்ட பாட்டை அவர்களைக் கேட்டால்தான் தெரியும். நம் தோட்டத்திலேயே பல பேர் இருக்கிறார்கள். தாத்தா, பாட்டியிடம் கேளுங்கள், மாணவர்களே.

மூன்றாம் படிவத்தின் முடிவில் மறுபடியும் ஒரு வடிகட்டி. எல்.சி.இ. என்று பெயர், 1978 முதல் எஸ்.ஆர்.பி. அதில் தேறியவர் நான்காம் படிவம் போனார். தேறாதவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். 1993-இல் பி.எம்.ஆர். வந்த பிறகுதான் மூன்றாம் படிவத்துத் தேர்வைக் காரணம் காட்டிப் பிள்ளைகளை வெளியே அனுப்பும் பழக்கம் நின்றது. ஆக, தோட்டப் பிள்ளை தடையில்லாமல் ஐந்தாம் படிவம் வரை போகும் வசதி வந்து முப்பது வருடத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. ஆறாம் வகுப்புத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர். 2021-லும், மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022-லும் நிறுத்தப்பட்டன. இன்று ஒரு பிள்ளை பதினேழு வயதில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வே பெரிய வாசல்.

இருந்த வழிகள், வராத செய்தி

எல்.சி.இ. தேறாமல் திரும்பிய அந்தப் பையனுக்கு வேறு வழியே இல்லையா? இருந்தது என்பதுதான் வருத்தமான விஷயம். தொழிலாளர் அமைச்சின் தொழிற்பயிற்சி நிலையம் கோலாலம்பூரில் 1964-லேயே வந்துவிட்டது. மெக்கானிக், வெல்டிங், மின்சார வயரிங் போன்ற வேலைகளை அங்கே முறையாகக் கற்றுக் கொடுத்தார்கள். 1969-இல் ஈப்போவில் உங்கு ஓமார் பொலிடெக்னிக் திறக்கப்பட்டது. தோட்டத்தில் அதைப் பற்றி யாருக்குத் தெரியும்? அறிவிப்பு மலாய்ப் பத்திரிகையிலோ ஆங்கிலப் பத்திரிகையிலோ வந்தது. தோட்டத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகை கடைக்கு வரும். பத்துப் பேர் கை மாறி, அது லயத்துக்கு வரும்போது ஒரு வாரம் பழசாகியிருக்கும். பாரம் ஆங்கிலத்தில். அதை நிரப்பப் பெரிய கிராணியிடம் போக வேண்டும். அவர் நல்ல மனுசராக இருந்தால் பிள்ளைக்கு வழி பிறந்தது. இல்லையென்றால் இல்லை. கோலாலம்பூருக்கு பஸ் ஏறிப் போகவும், அங்கே தங்கவும் காசு வேண்டும் என்பது அதற்கு அடுத்த கவலை.

இந்தக் கவலையைத் தீர்க்க நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. 1954-இல் ஒன்றாகத் திரண்ட தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் கூலிக்காகப் போராடியதோடு நில்லாமல் உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கும் உதவிவந்தது. துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நீங்கள் அறிவீர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட நேரத்தில் அவர் தோட்டம் தோட்டமாகப் போய், பத்துப் பத்து வெள்ளியாகத் தொழிலாளிகளிடம் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். அந்தச் சங்கம் பிற்காலத்தில் உறுப்பினர் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமும் கொடுத்தது. பத்து வெள்ளி என்பது அன்றைய தொழிலாளிக்குச் சின்னப் பணம் இல்லை. அதைக் கொடுத்த தாத்தாக்களின் பங்குச் சான்றிதழ் இன்னும் சில வீட்டுப் பெட்டிகளில் கிடக்கிறது. எடுத்துப் பாருங்கள், பேரப்பிள்ளையின் படிப்புக்கு உதவி கேட்க அது காரணமாகலாம்.

1982-இல் டாக்டர் தம்பிராஜா அவர்கள் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தொடங்கினார். படித்து மேலே போன அண்ணன், அக்காக்கள் வார இறுதியில் தம்பி, தங்கைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது அதன் முறை. அதில் வெறும் டியூசன் மட்டும் கிடைக்கவில்லை. "யுனிவர்சிட்டிக்கு எப்படி மனு செய்யறது? என்ன கோர்ஸ் எடுக்கலாம்?" என்று கேட்க ஓர் ஆள் கிடைத்தார். தோட்டத்துக்கு அதுவரை கிடைக்காமல் இருந்தது அந்த ஆள்தான். 1984-இல் எம்.ஐ.இ.டி. என்ற கல்வி நிதி வந்தது. 2001-இல் கெடாவில் அதன் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்தது. இவற்றின் நிறைகுறைகளைப் பற்றிப் பெரியவர்கள் மேடையிலும் காப்பிக் கடையிலும் வேண்டிய அளவு பேசிவிட்டார்கள். நான் அதற்குள் போகவில்லை.

பேக்டரி பஸ்

பெண் பிள்ளைகளின் கதையைத் தனியாகச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். வெகுகாலம் பெண் பிள்ளைக்கு ஆறாம் வகுப்பே அதிகம் என்று இருந்தது. அம்மா விடிய முன்னே வெட்டுக்குப் போவாள். சின்னதுகளை ஆயக்கொட்டகையில் விட்டு, சோறு பொங்கி வைக்க மூத்த பெண் வேண்டும். ரிமூவ் வகுப்புக்கு டவுனுக்கு அனுப்பப் பயம் வேறு.

1972-இல் பினாங்கு பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. அதைத் தொடர்ந்து பல மாநிலங்களில் எலெக்ட்ரானிக் தொழிற்சாலைகள் வந்தன. அவர்களுக்கு வேண்டியது சின்ன விரல்களும் கூர்மையான கண்களும். தோட்டத்து முச்சந்திக்கு பேக்டரி பஸ் வந்து நின்றது. பெண்கள் முதல் முறையாகத் தங்கள் பெயரில் மாதச் சம்பளம் வாங்கினார்கள். அண்ணன் தம்பி படிப்பு அந்தப் பணத்தில் நடந்த வீடுகள் உண்டு. பல வீடுகளில் தங்கத் தோடும் தொலைக்காட்சிப் பெட்டியும் அந்தப் பணத்தில் வந்தவைதான். பேக்டரி பஸ்ஸை நான் பழிக்க மாட்டேன். ஆனால் அந்த பஸ் நான்காம் படிவத்து வகுப்பறைகளிலிருந்தும் பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது. ஷிப்ட் வேலை பார்த்துக்கொண்டு தாதிப் பயிற்சிக்கு மனு போட யாருக்கு நேரம் இருந்தது? முப்பது வயதுக்கு மேல் கண் மங்கிய பிறகு அந்தத் தொழிற்சாலை அவர்களுக்கு ஒரு சான்றிதழும் கொடுக்கவில்லை. இருபது வருட வேலை தெரியும். ஆனால் தெரியும் என்று காட்ட ஒரு தாள் இல்லை. ஆண்களுக்கும் இதே நிலைதான். தோட்டத்து வர்க்‌ஷாப்பில் லாரி எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற எத்தனை மாமாக்களிடம் ஒரு துண்டுத் தாள் இருக்கிறது?

தாள் என்ற சமாசாரம்

இன்றைய விஷயத்துக்கு வருவோம். கைத்தொழிலுக்குத் தாள் கொடுக்கும் ஏற்பாடு இப்போது நன்றாகவே இருக்கிறது. மலேசியத் திறன் சான்றிதழ், அதாவது எஸ்.கே.எம்., மூன்று நிலைகளாக இருக்கிறது. நான்காவது நிலை டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. 2006-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு முழு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஐ.எல்.பி. என்றும் அட்டெக் என்றும் பெயர் கொண்ட அரசாங்கப் பயிற்சி நிலையங்களில் கட்டணம் குறைவு; தங்கும் விடுதியும் உண்டு. தனியார் நிலையத்தில் படிப்பவர்களுக்கு பி.டி.பி.கே. என்ற திறன் மேம்பாட்டு நிதியிலிருந்து கடன் கிடைக்கிறது. 2005 முதல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பயிலும் இரட்டைப் பயிற்சி முறையும் இருக்கிறது. அதில் பெரும்பகுதி நேரம் வேலைத்தளத்தில்தான். கொஞ்ச நேரம் மட்டும் வகுப்பில். புத்தகத்தைக் கண்டால் தலைவலி, ஸ்பேனரைக் கண்டால் சந்தோஷம் என்று இருக்கும் பையன்கள் நம்மிடம் நிறைய. அவர்களுக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு இது.

ஒரு எச்சரிக்கை. எஸ்.பி.எம். முடிவு வந்த மறு வாரமே சில தனியார் நிலையங்களின் ஆட்கள் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். கையில் பளபளப்பான தாள். "வேலை உறுதி, லோன் உறுதி" என்பார்கள். அந்தப் பயிற்சிக்கு எஸ்.கே.எம். உண்டா, எத்தனையாவது நிலை, நிலையத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வளைந்து வளைந்து வந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். நிலையம் மூடினாலும், பயிற்சி பாதியில் நின்றாலும், வாங்கிய கடன் உங்கள் பிள்ளையின் பெயரில்தான் இருக்கும்.

மேலே படிக்கக் கூடிய பிள்ளைகளுக்கு ஆறாம் படிவத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பக்கத்து டவுன் பள்ளியிலேயே குறைந்த செலவில் படித்து எஸ்.டி.பி.எம். எழுதிப் பல்கலைக்கழகம் போகலாம். கஷ்டமான தேர்வுதான். ஆனால் வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. மெட்ரிகுலேசன் வகுப்பில் 2003-இல் பூமிபுத்திரா அல்லாதவர்களுக்குப் பத்து விழுக்காட்டு இடங்கள் திறக்கப்பட்டன. பொலிடெக்னிக், ஆசிரியர் பயிற்சிக் கழகம், தாதிக் கல்லூரி என்று மற்ற வழிகளும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் மனு தனி, தேதி தனி. ஒன்றுக்குப் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் போடுங்கள், கிடைத்த பிறகு எதை எடுப்பது என்று யோசிக்கலாம். இடம் கிடைத்துத் திண்டாடிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

எஸ்.பி.எம். தேர்வில் மலாயும் சரித்திரமும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. சரித்திரத்துக்கு இந்த விதி 2013-இல் வந்தது. ஆனாலும் அத்தோடு கதை முடிந்தது என்று பேக்டரிக்கு ஓட வேண்டாம். அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுத வழி இருக்கிறது. இதைத் தெரியாமல் பதினெட்டு வயதிலேயே "நான் பெயிலு" என்று உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளைத்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டும்.

வர்க்‌ஷாப் மாமாக்களுக்கும் ஒரு செய்தி. பல வருடம் ஒரு தொழிலைச் செய்து பழகியவர், வகுப்பில் உட்காராமலே தன் அனுபவத்தைக் காட்டி எஸ்.கே.எம். வாங்கும் முறை இருக்கிறது. பி.பி.டி. என்று அதற்குப் பெயர். செய்த வேலைகளுக்கான ஆதாரங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும், அதிகாரிகள் சோதிப்பார்கள். வயது ஒரு தடை இல்லை. அப்பாவும் மகனும் ஒரே வருடத்தில் சான்றிதழ் வாங்கினால் யார் வேண்டாம் என்பார்கள்?

பிறப்புப் பத்திரம்

கடைசியாக, இவை எல்லாவற்றுக்கும் முன்னால் வரும் தாள். பயிற்சி நிலையமோ, கடனோ, உபகாரச் சம்பளமோ, எதுவானாலும் முதலில் கேட்பது அடையாளக் கார்டு. தோட்டத்தில் இந்தப் பிரச்சினை எங்கிருந்து வந்தது என்பதும் சரித்திரம்தான். அந்தக் காலத்தில் பிள்ளை லயத்திலேயே பிறக்கும். பதிவு செய்ய டவுனுக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டது விட்டதுதான். பெரியவர்கள் பலர் குடியுரிமைக்கு மனு செய்யாமலே சிவப்பு ஐ.சி.யோடு இருந்துவிட்டார்கள். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்ற நிலை வந்தபோது எத்தனையோ ஆயிரம் பேர் கப்பலேறி இந்தியா திரும்பியதை வயதானவர்கள் இன்றும் சொல்வார்கள். தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் அவர்களோடு போனார்கள்.

பிறகு திருமணச் சட்டம். 1976-இல் இயற்றப்பட்டு 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகு கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது. பதிவு செய்தால்தான் சட்டப்படி கல்யாணம். பதிவு இல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை சட்டப்படி தாயின் குடியுரிமையைத்தான் தொடரும். தாய் வெளிநாட்டவர் என்றால், அப்பா இந்நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் பிள்ளைக்குச் சிக்கல். நன்றாகப் படிக்கும் பிள்ளை பதினேழு வயதில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் சுவர் இதுதான். ஐந்தாம் படிவத்தில் தெரிந்தால் நேரம் போதாது. இத்தகைய மனுக்கள் வருடக் கணக்கில் இழுக்கும்.

ஆகவே ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளின் பெற்றோர்களே, இந்த விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து சூராட் பெரானாக்கை எடுத்துப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் எப்படி எழுதியிருக்கிறது? அப்பா பெயரும் அம்மா பெயரும் உங்கள் ஐ.சி.யில் இருப்பது போலவே இருக்கிறதா? ஓரிடத்தில் 'முனியாண்டி', இன்னோரிடத்தில் 'முனியண்டி' என்றிருந்தால் சிரித்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். பிள்ளைக்குக் குடியுரிமை உண்டு என்று அதில் குறித்திருக்கிறதா என்று பாருங்கள். புரியாவிட்டால் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். நானோ மற்ற ஆசிரியர்களோ படித்துச் சொல்கிறோம். எந்த வீட்டுப் பத்திரத்தைப் பற்றியும் வெளியே பேச மாட்டோம். பன்னிரண்டு வயது நிறைந்த பிள்ளை பதிவு இலாகாவில் ஐ.சி. எடுக்க வேண்டும். போகும்போது அப்பா அல்லது அம்மா கூடவே போங்கள்; பத்திரத்தின் நகல் மட்டும் போதாது, அசலையும் உங்கள் ஐ.சி.யையும் கையோடு எடுத்துப் போங்கள்.